இன்பார்மர் பேச்சை வைத்து வாரண்ட்: அமெரிக்க நீதிமன்றத்தில் எது நிற்கும், எது விழும்

"நம்பிக்கைக்குரிய ஒருவரிடமிருந்து நம்பகமான தகவல் கிடைத்துள்ளது. மேற்படி வீட்டில் ஹெராயினும் கஞ்சாவும் விற்பனைக்காக வைக்கப்பட்டிருப்பதாக நம்புகிறோம்."

ஹூஸ்டன் நகரப் போலீசார் இருவர் உள்ளூர் நீதிபதியிடம் கொடுத்த பிரமாணப் பத்திரத்தின் சாரம் இவ்வளவுதான். வீட்டைச் சோதிக்க வாரண்ட் கிடைத்தது, ஹெராயினும் கிடைத்தது, குற்றவாளிக்குத் தண்டனையும் ஆனது. 1964-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அகிலார் எதிர் டெக்சஸ் என்ற அந்த வழக்குதான் இன்பார்மர், அதாவது போலீசுக்கு ரகசியமாகத் தகவல் தரும் ஆள், சொன்னதை வைத்து வாங்கும் வாரண்டுகளின் அரிச்சுவடி. நீதிபதி கேட்டே ஆக வேண்டிய இரண்டு கேள்விகளை அது வகுத்துக் கொடுத்தது. இந்த ஆளுக்கு இது எப்படித் தெரியும்? இவர் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?

சொன்ன பொருள்தான் கிடைத்துவிட்டதே, பிறகென்ன குறை என்று நம் ஊர் ஆட்கள் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 1973-இல் இந்திய உச்ச நீதிமன்றம் பூரண்மல் வழக்கில், சோதனை முறைகேடாக நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதில் கிடைத்த சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்று சொல்லியிருக்கிறது. அமெரிக்கக் கணக்கு வேறு. வாரண்டில் கையெழுத்துப் போட்ட நேரத்தில் நீதிபதியின் முன் என்ன இருந்தது என்பதை மட்டுமே பார்ப்பார்கள். பின்னால் கிடைத்த பொருள் முன்னால் இருந்த ஓட்டையை அடைக்காது. போலீஸ்காரர் மனதில் வைத்திருந்தது, சக ஊழியரிடம் வண்டியில் பேசியது எதுவும் உதவாது. பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும், இல்லை நீதிபதி முன் சத்தியம் செய்து பதிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

1791-இல் சேர்ந்த 4ஆம் அரசியல் சாசனத் திருத்தம் போதிய முகாந்திரம் கேட்கிறது, சத்தியப் பிரமாணம் கேட்கிறது, தேட வேண்டிய இடத்தையும் எடுக்க வேண்டிய பொருளையும் குறிப்பாகச் சொல்லச் சொல்கிறது. போதிய முகாந்திரம் என்பது எத்தனை சதவீதம் என்றால் எந்த நீதிமன்றமும் எண் சொல்லாது. வெறும் சந்தேகத்துக்கு மேலே, தண்டிக்கப் போதுமான சாட்சியத்துக்கு வெகு கீழே எங்கோ இருக்கிறது அது. தேடும் பொருள் அந்த இடத்தில், இப்போது, இருப்பதற்கு நியாயமான வாய்ப்பு உண்டா என்பதுதான் கேள்வி. செவிவழிச் செய்தி என்பதற்காகவே தள்ள மாட்டார்கள். இன்பார்மர் நீதிபதி முன் வர வேண்டியதும் இல்லை. வராத ஆளின் பேச்சு என்பதால்தான் அந்த இரண்டு கேள்விகளுக்கு அவ்வளவு கனம்.

1969-இல் ஸ்பினெல்லி வழக்கு அதை இன்னும் இறுக்கியது. சூதாட்டம் நடத்துகிறார் என்று ஒருவரை எஃப்பிஐ பின்தொடர்ந்தது. அவர் செயின்ட் லூயிஸில் ஒரு அபார்ட்மென்டுக்குப் போய் வருவதைப் பார்த்தார்கள். அங்கே இரண்டு தொலைபேசி இணைப்புகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வீட்டில் இரண்டு போன் இருப்பதில் என்ன குற்றம் என்று கேட்டது நீதிமன்றம். நம்பகமான இன்பார்மர் என்ற சொல்லைத் தவிர அவர் ஏன் நம்பகமானவர் என்பதற்கு ஒரு வரி இல்லை, அவருக்கு எப்படித் தெரியும் என்பதற்கும் இல்லை.

பிறகு 1983-இல் இல்லினாய்ஸ் எதிர் கேட்ஸ். சிகாகோவுக்கு அருகே புளூமிங்டேல் போலீசுக்கு 1978 மே மாதம் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் வந்தது. ஒரு தம்பதி போதைப்பொருள் வியாபாரம் செய்கிறார்கள், மனைவி காரை ஃப்ளோரிடாவுக்கு ஓட்டிப் போய் விடுவார், கணவர் விமானத்தில் போய் டிக்கி நிறையச் சரக்கோடு காரை ஓட்டி வருவார் என்றது கடிதம். எழுதியவர் யாரென்று தெரியாது, அவருக்கு எப்படித் தெரிந்தது என்றும் தெரியாது. பழைய இரண்டு கேள்விகளில் இரண்டுமே தோல்வி. ஆனால் போலீஸ் சும்மா இருக்கவில்லை. விமான முன்பதிவைச் சரிபார்த்தது. கணவர் வெஸ்ட் பாம் பீச்சில் இறங்கியது, மனைவி பெயரில் இருந்த விடுதி அறைக்குப் போனது, மறுநாள் காலை இல்லினாய்ஸ் எண் தாங்கிய காரில் வடக்கே கிளம்பியது எல்லாம் பதிவானது. மனைவி விமானத்தில் திரும்புவார் என்று கடிதம் சொன்னது மட்டும் தப்பு. அவரும் காரிலேயே வந்தார். அப்படியிருந்தும் உச்ச நீதிமன்றம் வாரண்ட் செல்லும் என்றது. இரண்டு கேள்விகளையும் தனித்தனிச் சோதனையாக வைக்காமல், எல்லாச் சூழ்நிலையையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றில் உள்ள குறையை இன்னொன்றின் பலம் ஈடுகட்டலாம் என்றது.

இதைப் படித்துவிட்டு அகிலார் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் மாநில நீதிமன்றத்தில் அடி வாங்குவார்கள். மாநிலங்கள் தங்கள் சொந்த அரசியல் சாசனத்தின் கீழ் கூடுதல் பாதுகாப்பு தரலாம். வாஷிங்டன் 1984-இலும், மாசசூசெட்ஸும் அலாஸ்காவும் 1985-இலும், நியூயார்க் 1988-இலும் பழைய இரு கேள்விச் சோதனையையே பிடித்துக்கொண்டன. டென்னசி 1989-இல் அதை ஏற்று, 2017-இல் கைவிட்டது. எந்த மாநிலமாக இருந்தாலும் இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கும்படி எழுதுவதே புத்திசாலித்தனம். கடுமையான சோதனையைத் தாண்டும் பத்திரம் இளகிய சோதனையைத் தானாகவே தாண்டும்.

இன்பார்மர் பத்தியை எழுதுவது

பெரும்பாலான பத்திரங்கள் சறுக்குவது ஒரே பத்தியில்தான். கற்பனையாக ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம்: "முன்பு நம்பகமான தகவல் தந்துள்ள ரகசிய இன்பார்மர், மேற்படி வீட்டில் கொக்கைன் விற்கப்படுவதாகத் தெரிவித்தார்." இதில் எப்போது என்பது இல்லை. பார்த்தாரா, யாரோ சொல்லிக் கேட்டாரா என்பது இல்லை. கொக்கைன் என்று எப்படித் தெரியும், விற்றது யார், முன்பு தந்த தகவல் என்ன ஆயிற்று, ஒன்றும் இல்லை. அகிலாரில் செத்த அதே வாக்கியம் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

அதையே இப்படி எழுதலாம்: "இந்த இன்பார்மர் 14 மாதங்களாக எங்கள் பிரிவுக்குத் தகவல் தருகிறார். அவர் தகவலின் பேரில் 6 சோதனைகள் நடந்தன. 5-இல் போதைப்பொருள் கைப்பற்றப்பட்டது, ஒன்றில் எதுவும் கிடைக்கவில்லை. கடந்த 10 நாட்களுக்குள் அவர் அந்த வீட்டின் சமையலறையில் நின்று, வீட்டில் குடியிருப்பவர் வெள்ளைத் தூளைத் தராசில் நிறுத்து சிறு பைகளில் கட்டி, ஒன்றை வந்தவரிடம் பணத்துக்குக் கொடுத்ததை நேரில் பார்த்தார். அவர் முன்பு கொக்கைன் பயன்படுத்தியவர் என்பதால் அதன் தோற்றமும் கட்டும் முறையும் அறிந்தவர். அவருக்கு 2 திருட்டுத் தண்டனைகள் உண்டு. நிலுவையில் உள்ள ஒரு வழக்கில் சலுகை எதிர்பார்த்து உதவுகிறார்."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதக் கை வராது. தோற்ற சோதனையையும் சொல்ல மனம் வராது. ஆனால் பத்திரத்தைத் தாங்கிப் பிடிப்பவை அவைதான். ஐந்து வெற்றி, ஒரு தோல்வி என்று எழுதியவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று நீதிபதிக்குப் புரியும். தண்டனையையும் சலுகையையும் தானே சொல்லிவிட்டால், பின்னால் எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்து வெடிக்கவைக்க முடியாது. பலமுறை தகவல் தந்தார் என்பதைவிட, அந்தத் தகவல் எதில் முடிந்தது என்பதே முக்கியம். கைதா, கைப்பற்றலா, தண்டனையா? தகவல் வந்தது, யாரும் சரிபார்க்கவில்லை என்றால் அது நம்பகத்தன்மைக்குக் கணக்கில் சேராது.

இன்பார்மர் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. பாதிக்கப்பட்டவர், பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர் போன்றவர்கள் தங்கள் பெயரோடு தாங்கள் கண்டதைச் சொன்னால் அதிகச் சான்று கேட்க மாட்டார்கள். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள் என்பதே அவர்களுக்குக் கடிவாளம். பணத்துக்கோ வழக்கைக் குறைத்துக்கொள்ளவோ வேலை செய்பவருக்கு வரலாறு வேண்டும், இல்லை வெளிச் சான்று வேண்டும். புதிதாகச் சேர்ந்த, வரலாறே இல்லாதவர் என்றால், தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் விதமாக அவர் சொல்லியிருப்பது கொஞ்சம் உதவும். 1971-இல் ஹாரிஸ் வழக்கில் இன்பார்மர் தானே அந்த வீட்டில் கள்ளச் சாராயம் வாங்கியதாகச் சொன்னதை நீதிபதிகள் நால்வர் நம்பகத்தன்மைக்கு ஆதரவாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஏற்கெனவே கைவிலங்கோடு உட்கார்ந்திருப்பவர் அடுத்தவரை மாட்டிவிடும் விதமாகச் சொன்னால் அந்த வாதம் இளைத்துவிடும். பெயரில்லாத தொலைபேசி அழைப்பு எல்லாவற்றிலும் கடைசி.

எதைச் சரிபார்த்தால் எடை கூடும்

இன்பார்மர் சொன்னதில் ஊரில் யாருக்கும் தெரியக்கூடியதைச் சரிபார்த்துவிட்டு, சரிபார்க்கப்பட்டது என்று எழுதுவது வழக்கமான ஏமாற்று. அந்த வீடு பச்சை நிறம், வாசலில் கறுப்பு பிக்கப் வண்டி நிற்கும் என்பதை எதிரியும் சொல்லலாம், தபால்காரரும் சொல்லலாம். 2000-இல் ஃப்ளோரிடா எதிர் ஜே.எல். வழக்கில், பேருந்து நிறுத்தத்தில் கட்டம்போட்ட சட்டை அணிந்த பையனிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பெயரில்லாத அழைப்பு வந்தது. வாரண்ட் வழக்கு அல்ல, தெருவில் நிறுத்திச் சோதித்த வழக்கு. ஆனால் பாடம் இதற்கும் பொருந்தும். சட்டை சரியாக இருந்ததால் ஆளை அடையாளம் காணலாம், குற்றம் நடக்கிறது என்பது அதனால் நிரூபணமாகாது என்றது நீதிமன்றம்.

எடை கூட்டுவது இனி நடக்கப்போவதைச் சரியாகச் சொல்வது. 1959-இல் டிரேப்பர் வழக்கில், சிகாகோவிலிருந்து டென்வருக்கு ரயிலில் வருவார், இன்ன உடை, பழுப்பு நிற ஜிப் பை, வேகமாக நடப்பார் என்று இன்பார்மர் முன்கூட்டியே சொன்னது அப்படியே நடந்தது. இவ்வளவு தெரிந்தவருக்கு உள்விவகாரமும் தெரிந்திருக்கும் என்பது வாதம்.

அன்றாட வேலையில் செய்யக்கூடியவை எளிமையானவைதான். மின்சாரக் கணக்கு யார் பெயரில், வாசலில் நிற்கும் வண்டி யார் பெயரில் பதிவு, ஓட்டுநர் உரிமப் படத்தை இன்பார்மருக்குக் காட்டி ஆளை உறுதிசெய்தது, அவருடைய முந்தைய வழக்குகள். இவை வீட்டுக்கும் ஆளுக்கும் முடிச்சுப் போடும், குற்றத்தை நிரூபிக்காது. குற்றத்தின் பக்கம் சேர்ப்பவை கண்காணிப்பும் குப்பையும்தான். வீட்டுக்கு வருபவர்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்புகிறார்கள் என்றால் எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர் என்று எழுத வேண்டும். ஆள் நடமாட்டம் அதிகம் என்று மட்டும் எழுதினால் அது வெறும் கருத்து.

1988-இல் கலிபோர்னியா எதிர் கிரீன்வுட் வழக்கு, தெருவோரம் வைத்துவிட்ட குப்பைப் பையை வாரண்ட் இல்லாமல் எடுக்கலாம் என்றது. எடுத்தால் அந்தப் பையிலேயே அந்த முகவரிக்கு வந்த கடிதமோ ரசீதோ இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் குப்பை என்பார்கள். ஒரு முறை கிடைத்த ஒரு கஞ்சாத் தண்டு ஒரு விருந்தில் மிஞ்சியதாக இருக்கலாம். அடுத்தடுத்த வாரங்களில் கிடைத்த மூலை வெட்டிய பிளாஸ்டிக் பைகள் (வெட்டிய மூலையில்தான் தூளைப் பொட்டலம் கட்டுவார்கள்) வேறு கதை. நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் குப்பைக்கும் வாரண்ட் வேண்டும். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய மாநிலங்களில் தண்டும் விதையும் முன்போல எதையும் நிரூபிப்பதில்லை.

போலீஸ் கண்முன் வாங்க வைப்பது

இன்பார்மர் பேச்சில் உள்ள எல்லா ஓட்டையையும் ஒரே அடியில் அடைக்கக் கூடியது கண்ட்ரோல்டு பை. போலீஸ் தன் பணத்தைக் கொடுத்து இன்பார்மரை அனுப்பி, கண்காணித்து, வாங்கிவரச் செய்வது. சரியாகச் செய்தால் இன்பார்மரின் பழைய வரலாறு கிட்டத்தட்டத் தேவையில்லாமல் போகிறது. அரைகுறையாகச் செய்தால் இன்பார்மரே தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வாங்கியதாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு படியும் அந்த ஒரு சந்தேகத்தை அடைப்பதற்காகவே இருக்கிறது.

குறிவைத்த வீட்டிலிருந்து தள்ளி ஓரிடத்தில் சந்திக்க வேண்டும். இன்பார்மரைச் சோதிக்க வேண்டும்: பாக்கெட், காலணி, காலுறை, தொப்பி, கைப்பை. பெண் என்றால் பெண் அதிகாரி. பெண் அதிகாரி இல்லை என்று கைப்பையை மட்டும் பார்த்து அனுப்பும் இடங்கள் உண்டு. அந்தச் சோதனை சோதனையே இல்லை. காரில் போகிறார் என்றால் காரையும் சோதிக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் பார்க்காமல் விட்டதால் விழுந்த வழக்குகள் உண்டு. சொந்தப் பணத்தை வாங்கி வைத்துவிட வேண்டும். கொடுக்கும் நோட்டுகளின் வரிசை எண் தெரியும்படி முன்பே படமெடுத்து, தேதி, நேரம் பதிய வேண்டும். ஒலி, ஒளிப்பதிவுக் கருவியைச் சோதித்துப் பொருத்தி, ஆரம்பத்தில் அதிகாரியே தேதி, நேரம், வழக்கு எண்ணைப் பேசிவிடுவது நல்லது.

பிறகு கண்ணை எடுக்காமல் பின்தொடர்வது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். எந்த அதிகாரி எங்கே நின்று எதைப் பார்த்தார் என்று எழுத வேண்டும். "இன்பார்மர் வீட்டுக்குள் நுழைந்ததைக் கண்காணிப்புக் குழு கண்டது" என்று இருந்து, அந்தக் குழு ஒரு தெரு தள்ளி வண்டியில் உட்கார்ந்திருந்தது பின்னால் தெரியவந்தால் அதோடு போயிற்று. அடுக்குமாடிக் கட்டடம் என்றால் தொல்லை இரண்டு மடங்கு. வெளிக் கதவுக்குள் போனதைப் பார்க்கலாம், மாடியில் எந்தக் கதவு என்று பார்க்க முடியாது. அங்கே ஒலிப்பதிவு கைகொடுக்க வேண்டும், இல்லை முன்கூட்டியே ஒரு அதிகாரி மாடிப்படியில் இருக்க வேண்டும். எந்தக் கதவு என்பதற்கு இன்பார்மர் சொல்தான் ஆதாரம் என்றால் அதை அப்படியே ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். போலீஸ் கண்டதுபோல மழுப்பக் கூடாது.

இடைத்தரகர் வந்தால் சங்கிலி அறுந்துவிடும். இன்பார்மர் பணத்தை ஒருவரிடம் கொடுக்கிறார், அவர் அந்த வீட்டுக்குள் போய் வாங்கி வந்து தருகிறார். அவரை யாரும் சோதிக்கவில்லை. சரக்கு வீட்டிலிருந்துதான் வந்தது என்பதற்கு அவர் நேரே போய் நேரே வந்தார் என்ற கண்காணிப்பு மட்டுமே இருக்கும். சில நீதிமன்றங்கள் ஏற்கும், ஆனால் பத்திரத்தில் தரகர் இருந்ததை மறைத்தால் எதுவும் காப்பாற்றாது.

திரும்பியதும் உடனே பொருளை வாங்கி, மறுபடி முழுச் சோதனை. முதல் சோதனையை எழுதி இரண்டாவதை எழுத மறக்கும் பத்திரங்கள் ஏராளம். பிறகு வாங்கியவர், விற்றவர், அறை, பேச்சு, வேறு யார் இருந்தார்கள், ஆயுதம், நாய், கேமரா, குழந்தைகள் என்று அப்போதே விவரம் கேட்டு எழுத வேண்டும். பொருளைப் பையோடு எடை போட்டால் பையோடு என்று குறிக்க வேண்டும். பொருளைப் போட்டதும் ரசாயனப் பொட்டலத்தில் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது முதற்கட்டச் சோதனைதான். சாதாரணப் பொருட்களுக்கும் சில சமயம் நிறம் மாறும் என்பதால் ஆய்வக அறிக்கைக்கு மாற்றாக அதைக் காட்டக் கூடாது. முகாந்திரத்துக்கு மட்டும் பொதுவாகப் போதும்.

எப்போது கைவிடுவது என்பதையும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 2008 மே மாதம் ஃப்ளோரிடாவின் டல்லஹாசியில் 23 வயதுப் பெண் ஒருவரைப் போதை மாத்திரைகள், கொக்கைன், துப்பாக்கி வாங்க 13,000 டாலரோடு அனுப்பினார்கள். விற்பவர்கள் இடத்தை மாற்றினார்கள், போலீஸ் அவரைத் தவறவிட்டது, அவர் கொல்லப்பட்டார். மறு ஆண்டே ஃப்ளோரிடா சட்டம் கொண்டுவந்தது: அனுபவத்தையும் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும், கேட்டால் வழக்கறிஞரிடம் பேச வாய்ப்பு தர வேண்டும் என்றெல்லாம். அனுபவமில்லாத ஆளை, பழக்கமில்லாத அளவுக்கு, அதிலும் துப்பாக்கி வாங்க அனுப்புவதை எந்த வாரண்டும் நியாயப்படுத்தாது. இடம் மாறினால் வேலை முடிந்தது என்று இன்பார்மருக்கும் குழுவுக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பழசான தகவல்

பர்பாங்க் நகர இன்பார்மர் ஒருவர் 1981 ஆகஸ்டில், ஐந்து மாதத்துக்கு முன் ஒரு வீட்டில் போதை மாத்திரை விற்றதைப் பார்த்ததாகச் சொன்னார். அது லியான் வழக்கானது (அதன் தீர்ப்பு கடைசியில் வருகிறது). போதைப்பொருள் வேகமாகக் கைமாறும் பண்டம். ஒரு முறை பார்த்த ஒரு பொட்டலம் சில நாட்களிலேயே பழசாகிவிடும். தொடர்ந்து நடக்கும் வியாபாரம் என்று காட்டினால் அவகாசம் நீளும். கணக்குப் புத்தகம், துப்பாக்கி போன்றவை வீட்டிலேயே கிடக்கும் என்பதால் அவற்றுக்கு இன்னும் நீளும். தகவல் கிடைத்த தேதியை மட்டும் எழுதி, இன்பார்மர் பார்த்த தேதியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. நேற்று வந்த தகவல் போன வருடத்துக் காட்சியைச் சொல்லலாம்.

வாரண்ட் கையில் வந்த பிறகும் கடிகாரம் ஓடும். ஃபெடரல் (மத்திய அரசு) விதி, வாரண்டை 14 நாட்களுக்குள், சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் காலை 6 முதல் இரவு 10-க்குள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது. கலிபோர்னியாவில் 10 நாள், டெக்சஸில் பொதுவாக 3 நாள்.

ஆளை மறைப்பதும் குறையை மறைப்பதும்

இன்பார்மரின் பெயரை மறைக்க உரிமை உண்டு. 1967-இல் மெக்கிரே வழக்கு, முகாந்திரம் பற்றிய விசாரணையில் பெயரைச் சொல்லியே ஆக வேண்டியதில்லை என்றது. 1957-இன் ரொவியாரோ வழக்கு எல்லையைக் காட்டியது: குற்றம் நடந்தபோது இன்பார்மரே பங்கெடுத்து, அவர் சாட்சியம் எதிர்த்தரப்புக்கு முக்கியம் என்றால் பெயரைக் கொடு, இல்லை வழக்கை விடு. ஆகவே கண்ட்ரோல்டு பையை வைத்து வாரண்ட் வாங்கிவிட்டு, அந்த விற்பனையையே குற்றச்சாட்டாகப் போடாமல், வீட்டில் பிடிபட்ட சரக்குக்கு மட்டும் வழக்குப் போடுவது வழக்கம். விற்பனையைக் குற்றமாக்கினால் இன்பார்மர் சாட்சிக் கூண்டுக்கு வர வேண்டிவரும்.

பெயரை மறைத்தும் விவரம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் தேதிக்குப் பதில் கடந்த 72 மணி நேரத்துக்குள், கடந்த 10 நாட்களுக்குள் என்று எழுதுகிறார்கள். ஆனால் அந்த 72 மணி நேரத்தில் அந்த வீட்டுக்கு வந்தது ஒரே ஆள் என்றால் காலவரம்பு ஒரு திரையே இல்லை. முன்பே அதைக் கேட்டு வைத்துக்கொண்டு வரம்பை நீட்ட வேண்டும், அல்லது சில நாள் பொறுத்து இன்னும் பலர் வந்துபோன பிறகு வாரண்டுக்குப் போக வேண்டும். கலிபோர்னியாவில் 1994-இன் ஹாப்ஸ் வழக்குக்குப் பிறகு, பத்திரத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ முத்திரையிட்டு வைத்து, நீதிபதி மட்டும் தனி அறையில் பார்க்கும் முறை தெளிவாக இருக்கிறது.

இன்பார்மரைப் பற்றிய குறைகளை மறைப்பது வேறு சங்கதி. 2014-இல் குளோவர் வழக்கில் 7ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்த்த பத்திரத்தில், இன்பார்மரின் குற்றப் பின்னணி, கும்பல் தொடர்பு, முன்பு போலீசிடம் பொய்ப் பெயர் சொன்னது, பணம் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. நம்பகத்தன்மையை எடைபோட நீதிபதிக்கு வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று சொல்லி, விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது.

அந்த விசாரணைக்குப் பெயர் கொடுத்தது 1978-இன் ஃபிராங்ஸ் எதிர் டெலவேர். அதிகாரி தெரிந்தே பொய் எழுதினார், அல்லது உண்மையா என்று கவலையே படாமல் எழுதினார் என்பதற்கு வலுவான முதற்கட்டச் சான்று காட்டினால் விசாரணை கிடைக்கும். பொய்யை நீக்கிவிட்டு மிச்சத்தைப் படிப்பார்கள். மறைத்ததைச் சேர்த்தும் படிப்பார்கள். மிச்சத்தில் முகாந்திரம் இல்லையென்றால் சோதனையில் கிடைத்தது எல்லாம் வெளியே. கவனக்குறைவு போதாது. இன்பார்மர் அதிகாரியிடம் பொய் சொன்னார் என்பதும் போதாது, அதிகாரி அதைத் தெரிந்து எழுதியிருக்க வேண்டும். அதனால்தான் இந்த மனுக்களில் பெரும்பாலானவை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன.

இன்பார்மரே இல்லாமல் இன்பார்மரை உருவாக்கிய பத்திரங்களும் உண்டு. 2006 நவம்பர் 21 அன்று அட்லாண்டாவில், ஒரு வீட்டில் இன்பார்மர் கொக்கைன் வாங்கியதாகப் பொய் எழுதி, கதவைத் தட்டாமல் நுழையும் வாரண்ட் வாங்கி உள்ளே போனார்கள். 92 வயது கேத்ரின் ஜான்ஸ்டன் பயந்து ஒரு முறை சுட்டார். போலீஸ் 39 முறை சுட்டது. பிறகு பழைய இன்பார்மர் ஒருவரைக் கூப்பிட்டு, நீதான் வாங்கினாய் என்று சொல் என்றார்கள். அவர் மறுத்து வெளியே சொல்லிவிட்டார். 2009-இல் மூன்று அதிகாரிகளுக்கு 5 முதல் 10 ஆண்டு வரை ஃபெடரல் சிறை. பாடம் கற்றிருக்க வேண்டும். 2019 ஜனவரி 28 அன்று ஹூஸ்டனில் ஹார்டிங் ஸ்ட்ரீட் வீட்டில் அதே கதை: இன்பார்மர் ஹெராயின் வாங்கினார், துப்பாக்கியைப் பார்த்தார் என்று ஜெரால்ட் கோயன்ஸ் என்ற அதிகாரி எழுதினார். வீட்டிலிருந்த தம்பதி கொல்லப்பட்டார்கள், நான்கு அதிகாரிகள் குண்டடி பட்டார்கள், ஹெராயின் இல்லை. அவரிடம் வேலை செய்த இன்பார்மர்களை ஒவ்வொருவராக விசாரித்தபோது யாருமே வாங்கவில்லை என்றார்கள். 2024-இல் அவருக்குக் கொலைக் குற்றத்தில் 60 ஆண்டு தண்டனை.

இரண்டிலும் காகிதத்தில் குறை தெரியாது. படித்தால் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கும். கோப்பில்தான் குறை தெரியும். மேலதிகாரி பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் நோட்டுகளின் படம் எங்கே, பொருள் சேமிப்பறைக்குப் போன ரசீது எங்கே, இன்பார்மருக்குப் பணம் கொடுத்த கையொப்பம் எங்கே, இரண்டாவது அதிகாரி யார் என்று கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். சாட்சி அதிகாரி ஒருவரும் இல்லாமல், ஒரே ஆள் மட்டும் இருந்து நடத்தியதாகச் சொல்லும் கண்ட்ரோல்டு பையை எந்த மேலதிகாரியும் ஏற்கக் கூடாது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் அதே இடம்தான் வாசல். பத்திரத்தின் அழகை வைத்து மட்டும் வாதாடினால், முகாந்திரம் இல்லை என்று நீதிபதி ஒப்புக்கொண்டாலும் லியான் தீர்ப்பு குறுக்கே வரும்: வாரண்டை நல்லெண்ணத்தோடு நம்பிப் போன அதிகாரி கைப்பற்றியதைத் தள்ளத் தேவையில்லை என்று 1984-இல் அது சொல்லிவிட்டது. அதிகாரி நீதிபதியை ஏமாற்றியது, நீதிபதி படிக்காமல் கையெழுத்துப் போட்டது, பத்திரத்தில் முகாந்திரம் என்று சொல்ல ஒன்றுமே இல்லாதது, இடமோ பொருளோ குறிப்பிடாத வாரண்ட் ஆகியவற்றுக்கு மட்டும் அந்தக் கேடயம் கிடையாது. எனவே முதல் வேலை நேரங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது. பத்திரம் சொல்லும் நேரம், நோட்டுப் படத்தில் பதிந்த நேரம், ரேடியோ அழைப்புப் பதிவு, சேமிப்பறை ரசீது, அதிகாரியின் கூடுதல் வேலை நேரச் சீட்டு. வாங்கியதாகச் சொல்லும் நேரத்தில் அதே அதிகாரி நகரின் மறுகோடியில் வேறொரு வழக்குக்கு நேரச்சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால், ஃபிராங்ஸ் மனுவுக்கு அதைவிட நல்ல முதல் பக்கம் கிடையாது.